மூன்றில் ஒரு பங்கு

தம்பி, பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் கைப்பேசியை எட்டிப் பார்ப்பது நாகரிகம் அன்று. பணிக்காலம் முழுவதும் மாணவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் பேருந்து குலுங்கியது, உங்கள் கை என் பக்கம் சாய்ந்தது, கண் தானாகப் படித்துவிட்டது. செவ்வாய்க் கோளில் ஒரு பாறையைப் பற்றிய செய்திதானே அது? நல்ல செய்தி. ஆனால் அனுப்பியவர் கட்டுரையை முழுதாக அப்படியே அனுப்பியிருக்கிறார். கோவில்பட்டியில் ஏறியதிலிருந்து நீங்களும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறீர்கள். இன்னும் பாறைக்கே போய்ச் சேரவில்லை. எந்தச் செய்தியையும் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டுத்தான் பிறருக்கு அனுப்ப வேண்டும்.

வினாத்தாளில் பார்த்திருப்பீர்கள். 'கீழ்க்காணும் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்து, பொருத்தமான தலைப்பு இடுக.' பிற பள்ளிகளில் பாதிப் பேர் அந்த வினாவைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். என் வகுப்பில் எவரும் விட்டதில்லை. விளக்கங்களை நீக்கு, மேற்கோள்களை நீக்கு, எடுத்துக்காட்டுகளை நீக்கு, 'இருப்பினும்' என்று தொடங்கும் வாக்கியத்தை நீக்கு; எஞ்சி நிற்பதுதான் கருத்து. அவ்வளவுதான் கலை. இன்றும் என் மாணவர்கள் கடைவீதியில் பார்த்தால் இதைத்தான் சொல்லி வணங்குகிறார்கள்.

என் பெயர் சிவனணைந்தபெருமாள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சிலர் சிவன் சார் என்பார்கள். பெயரைச் சுருக்குவது எனக்குப் பிடிக்காது.

சங்கரன்கோவிலுக்குப் போகிறேன். நீங்களும் அங்கேதானா? நல்லதாயிற்று. என் மனைவி செண்பகவல்லி அங்கே அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். ஒரு நாள் பயணமாகப் போனவள் திரும்பவில்லை. அழைத்து வரத்தான் போகிறேன். வருவாளா என்று எனக்குத் தெரியாது. அவள் வந்தால்தான் என் மகனுடைய திருமணம் நடக்கும், வராவிட்டால் நடக்காது. நிலைமை இதுதான். இதில் என் பங்கு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. நான் செய்ததெல்லாம் ஓர் அறிவியல் செய்தியைப் பகிர்ந்தது மட்டும்தான்.

வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. 'சொந்தங்கள்' என்று பெயர். என் மைத்துனர் கோமதிநாயகம் தொடங்கியது. சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்; செண்பகவல்லியின் தம்பி. தொடக்கத்தில் அந்தக் குழுவில் ரோஜாப்பூவைத் தவிர வேறொன்றும் வராது. காலையில் ஒருவர் ரோஜாப்பூ அனுப்பி வணக்கம் சொல்வார். அதே ரோஜாப்பூ மாலையில் இன்னொருவரிடமிருந்து வரும். படித்த குடும்பம் இப்படிப் பொழுதை வீணாக்குகிறதே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் 'இன்றைய அறிவியல்' என்று தொடங்கினேன். நாள்தோறும் உலகத்தில் எத்தனை கண்டுபிடிப்புகள்! தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து, காபி ஆறுவதற்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, தலைப்பிட்டு, குழுவில் ஏற்றிவிடுவேன். ஐந்து ஆண்டுகளாக ஒருநாளும் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் ஏற்றினேன்.

வரவேற்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். இருந்தது. தொலைவில் ஒரு விண்மீன் வெடித்து மடிந்தது என்று ஒருநாள் எழுதினேன். என் ஒன்றுவிட்ட அண்ணன் உடனே 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். அவரைப் பார்த்து நான்கு பேர் கைகூப்பினார்கள். ஐந்தாமவர், 'எப்ப எடுக்குறாக?' என்று கேட்டிருந்தார். கடலில் வாழும் எண்காலிக்கு மூன்று இதயங்கள் உண்டு என்று எழுதிய அன்று, கோமதிநாயகத்தின் மனைவி, 'அண்ணாச்சி, இங்க ஒண்ணுக்கே மாத்திர வாங்கி முடியல' என்று எழுதினாள். இப்படியாகப் பலரும் கலந்துகொண்டார்கள்.

செண்பகவல்லி மட்டும் எதுவும் எழுத மாட்டாள். 'படித்தாயா?' என்பேன். 'படிச்சேன்' என்பாள். 'எப்படி?' என்பேன். 'நல்லாருக்கு' என்பாள். கருந்துளைக்கும் நல்லாருக்கு, கரப்பான்பூச்சிக்கும் நல்லாருக்கு.

திருமணத்துக்கு வருகிறேன். என் மகன் இளம்பரிதி ஓசூரில் வேலை பார்க்கிறான். கோமதிநாயகத்தின் மகள் மதுமிதா, மருந்தியல் படித்தவள். இவனுக்கு முறைப்பெண். அவள் பிறந்த அன்று மருத்துவமனையிலேயே குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, 'டேய் தம்பி, இது எனக்கு' என்று சொன்னவள் செண்பகவல்லி. அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்று எங்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. கேட்டோம். கேட்டு முடிப்பதற்குள் இருவரும் தலையாட்டிவிட்டார்கள். அவ்வளவு விரைவாக எப்படித் தலையாட்டினார்கள் என்று ஆராய்வது பெற்றோர் வேலை அன்று, நான் ஆராயவில்லை. ஆவணியில் நிச்சயதார்த்தம். மண்டபம் பேசியாயிற்று, சேலை எடுத்தாயிற்று. செண்பகவல்லி இடுப்பு வலியை மறந்துவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினாள். நாற்பது ஆண்டுகளில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

எங்கள் திருமணமும் அப்படி உறவுக்குள் நடந்ததுதான். அவள் என் தாய்மாமன் மகள்.

நிச்சயத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. ஏதோ ஒரு மருத்துவமனையில் குழந்தைகளைப் பற்றி நடத்திய ஆய்வு. நான் தேடிப் போகவில்லை, தம்பி, வந்தது. அன்றைக்கு வேறு சொல்லிக்கொள்ளும்படியான கண்டுபிடிப்பு எதுவும் உலகத்தில் நிகழவில்லை. சுருக்கினேன். இதோ, நான் எழுதியது இன்னும் இருக்கிறது, படிக்கிறேன். 'உறவுமுறைத் திருமணத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு மிகுதி. பேச்சும் நடையும் வராத குழந்தைகள் பலருடைய பெற்றோர் நெருங்கிய உறவினர். காரணம் பெற்றோர் வழி வருவதே என ஆய்வு நிறுவியுள்ளது.' தலைப்பு, 'காரணம் கண்டறியப்பட்டது.' ஒரு சொல் மிகை இல்லை. நீங்களே கேட்டீர்கள்.

ஏற்றிய சிறிது நேரத்தில் இளம்பரிதி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அதாவது, மாப்பிள்ளையே கட்டைவிரலை உயர்த்தினான். அதன்பின் குழு அடங்கிவிட்டது. அன்று முழுவதும் ஒரு ரோஜாப்பூ கூட வரவில்லை.

நண்பகலில் கோமதிநாயகம் அழைத்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். மொழிக்கு நான் பொறுப்பில்லை.

"அத்தான், பொண்ணு வேண்டாம்னா வேண்டாம்னு மொகத்துக்கு நேரா சொல்லிருக்கலாம். விஞ்ஞானத்த விட்டு எதுக்குச் சொல்லச் சொல்றீக?"

"நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, மாப்பிள்ளை. அது இன்றைய அறிவியல்."

"நாளைக்கு ஒரு அறிவியல் இல்லையா? நேத்து ஒரு அறிவியல் இல்லையா? நிச்சயத்துக்கு நாள் குறிச்ச பொறவு இதுதான் கெடச்சுதா? மாப்ள வேற வெரலத் தூக்கிக் காட்டுதான்!"

பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது. "கேளுங்க, வேற எடத்துல பெருசா பேசிட்டாகளான்னு கேளுங்க. மூடி மறைக்காதீக."

எத்தனை விளக்கியும் அவருக்கு விளங்கவில்லை. செய்தி வேறு, திருமணம் வேறு என்றேன். "எங்களுக்கு வேற வேற இல்ல அத்தான், ரெண்டும் ஒரே குரூப்லதான் வந்துச்சு" என்று வைத்துவிட்டார்.

அடுத்து மகன் அழைத்தான். "என்னப்பா போட்டுத் தொலச்சீங்க?"

"நீதான் கட்டைவிரலை உயர்த்தி ஏற்றுக்கொண்டாயே."

"நான் எங்க படிச்சேன்? நீங்க போட்டா நான் தம்ஸ் அப் போடுவேன். அஞ்சு வருஷமா அப்படித்தான் போட்டுட்டு இருக்கேன். மதுமிதா போன எடுக்க மாட்டேங்குறா!"

எனக்கு வருத்தம் எதில் என்றால், தம்பி, அந்தச் சொல்லில்தான். ஐந்து ஆண்டு. கருந்துளை, எண்காலி, ஒளியைவிட வேகமானது எது, ஆழ்கடலில் வாழும் புழு, எல்லாவற்றுக்கும் அவன் உயர்த்திய விரல் படிக்காத விரல். இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. முன்பின் அறியாத உங்களிடம் சொல்கிறேன்.

அழித்துவிட்டால் என்ன என்கிறீர்களா? எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எழுதிய விடையை எழுதியவனே அழித்தால், அதில் பிழை இருந்தது என்று பொருள்படும். பிழை எங்கே இருக்கிறது?

இதோ, கழுகுமலை. கொஞ்சம் கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், ஏறுகிறவர்கள் மிதித்துவிடுவார்கள். கூட்டத்தைப் பார்த்தீர்களா, முகூர்த்தநாள் போலிருக்கிறது.

இளம்பரிதி ஒரே பிள்ளையா என்று கேட்டீர்கள். இப்போது ஒரே பிள்ளை. அவனுக்கு முன் ஒரு பெண் குழந்தை இருந்தாள். தேன்மொழி என்று பெயர் வைத்தேன். பேசியதில்லை. நடந்ததும் இல்லை. பள்ளியில் சேர்க்கும் வயதைத் தாண்டியும் செண்பகவல்லி இடுப்பிலேயே வைத்திருந்தாள். மதுரையில் காட்டினோம். வெளியே அவள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். "சொந்தமா?" என்று கேட்டார். "ஆம், மாமன் மகள்" என்றேன். குறித்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் பலர் காத்திருந்தார்கள். ஒரு மார்கழியில் சளி கட்டிக் குழந்தை தவறிவிட்டாள். அது வேறு செய்தி. நீங்கள் கேட்டதால் சொன்னேன்.

என் தாயார் அக்காலத்தில் செண்பகவல்லியைச் சில சொற்கள் சொன்னதுண்டு. அண்ணன் மகள்தான், இருந்தாலும் சொன்னார். வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது ஒரு கிரகணம். மேகம் கூடிவிட்டது என்று இவள் மாடியில் காயப்போட்ட வற்றலை அள்ளப் போய்விட்டாள். அதனால்தான் பிள்ளை இப்படி என்பது என் தாயாரின் கட்சி. வற்றலுக்கு ஆசைப்பட்டு வயித்துப்பிள்ளையக் குடுத்துட்டா என்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் விட்டுவிடவில்லை. ஓர் எலுமிச்சம்பழம், ஒரு நெல்லிக்காய், மேசைவிளக்கு. மூன்றையும் வைத்து, கிரகணம் என்பது வெறும் நிழல், நிழலுக்கு யாரையும் முடக்கும் ஆற்றல் கிடையாது என்று இருவருக்கும் செய்து காட்டினேன். என் தாயார் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செண்பகவல்லி மட்டும், "அப்போ எதனால அத்தான்?" என்று கேட்டாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். "அறிவியல் இன்னும் கண்டறியவில்லை. கண்டறிந்ததும் சொல்கிறேன்" என்றேன். அதன்பிறகு அவள் கேட்டதில்லை.

நாம் எங்கே விட்டோம்? ஆம், அன்று மாலை.

எல்லாரும் என் மேல் பாய்ந்த அந்த நாளில் என் மனைவி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அருகே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் கைப்பேசி இருந்தது. அப்போது அவள் கேட்டாள். ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாக, 'இன்றைய அறிவியல்' பற்றி அவள் கேள்வி கேட்டாள்.

"அத்தான், இத எப்பக் கண்டுபிடிச்சாக?"

"கட்டுரை இந்த மாதத்தியது. ஆனால் அடிப்படைக் கருத்து அறிஞர்களுக்கு நெடுங்காலமாகவே தெரியும்" என்றேன்.

ஒரு கொத்துக் கீரையை உருவினாள். "நெடுங்காலம்னா? நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

"அதற்கும் முன்பே."

இன்னொரு கொத்தை எடுத்தாள். "அப்ப அந்தக் கெரகணம் இல்ல."

"நான் அப்போதே செய்து காட்டினேனே!" என்றேன். எனக்கு மகிழ்ச்சி. எத்தனை ஆண்டு கழித்தும் ஒரு பாடத்தை நினைவில் வைத்திருந்தால் எந்த ஆசிரியருக்குத்தான் மகிழ்ச்சி இராது? 'நல்ல கேள்விகள்' என்று பாராட்டினேன். அவள் கீரையை ஆய்ந்து முடித்தாள், காம்புகளைத் தனியாகக் கூட்டி அள்ளினாள், உலை வைத்தாள். மறுநாள் காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு, "தம்பி வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றாள். தம்பியைச் சமாதானம் செய்யப் போகிறாள், பொறுப்பு உணர்ந்தவள் என்று நானே பேருந்து ஏற்றிவிட்டேன். சன்னலோர இருக்கையும் பிடித்துக் கொடுத்தேன்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். அடுத்த சில நாள்களில் எல்லாம் சரியாகிவிட்டது. சரி செய்தது மதுமிதா. என்னை அழைத்தாள். "மாமா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. பரிதி மேலதான் கோவம். படிக்காம விரல் தூக்குற ஆள எப்படிக் கட்டுறது? அதான் ரெண்டு நாள் போன எடுக்கல" என்றாள். பிறகு சொன்னாள். "நீங்க போட்டது எங்களுக்குப் புதுசு இல்ல மாமா. சொந்தம்கிறதால நாங்களே முன்னாடியே டாக்டர்கிட்டப் போயி ரத்தம் குடுத்து, பார்க்க வேண்டியத எல்லாம் பார்த்துட்டோம். பயப்படுற மாதிரி எதுவும் இல்லேன்னு சொல்லிட்டாங்க." இவர்கள் எப்போது போனார்கள், யாரைக் கேட்டுப் போனார்கள் என்பதை நான் கேட்கவில்லை. கோமதிநாயகமும் இறங்கி வந்தார். "சரி அத்தான், விடுங்க. நீங்க இப்படித்தான்னு தெரிஞ்சதுதானே" என்றார். குழுவில் ரோஜாப்பூக்கள் திரும்பின.

ஆக, மாப்பிள்ளைக்குச் சம்மதம், பெண்ணுக்குச் சம்மதம், பெண் வீட்டாருக்குச் சம்மதம். சம்மதம் இல்லாதவள் ஒருத்திதான். இந்தத் திருமணத்தையே கனவு கண்டுகொண்டிருந்த செண்பகவல்லி! வேண்டவே வேண்டாம் என்கிறாள். வீட்டுக்கும் வர மாட்டேன் என்கிறாள். நான் அழைத்தால் பேசுவதில்லை. கைப்பேசியை மதுமிதாவிடம் கொடுத்துவிடுகிறாள்; அந்தப் பெண்ணின் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லையாம். ரத்தம் பார்த்தாயிற்று என்று மதுமிதா சொன்னதற்கு, "என் ரத்தத்த யாரு பார்த்தா?" என்றாளாம். இதற்கு என்ன பொருள்? திருமணம் அவளுக்கா?

நேற்று கோமதிநாயகம் அழைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "அத்தான், அக்கா சாப்பிட உக்காந்தா ரெண்டு வாயில எந்திரிச்சுருது. கேட்டா, 'என்னால ஒரு புள்ள பட்டது போதும்'ங்குது. ஒங்களுக்குப் புரியுதா?"

"வாக்கியம் முழுமையாக இல்லையே, மாப்பிள்ளை. எந்தப் பிள்ளை? என்ன பட்டது? இளம்பரிதி சின்ன வயதில் மிதிவண்டியிலிருந்து விழுந்து பல் உடைந்ததே, அதைச் சொல்கிறாளா?"

"அத்தான், நீங்க நேர்ல வாங்க. வந்தா வாங்க, இல்லேன்னா ஆவணிக்கு மண்டபம் வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார்.

அதனால்தான் இந்தப் பயணம். வெறுங்கையோடு போகவில்லை. ஆயத்தமாகத்தான் போகிறேன். அறிவியலால் வந்த சிக்கலை அறிவியலால்தான் தீர்க்க வேண்டும். வெளிநாட்டில் ஒரு குளிர்த் தீவு. அங்கே தூரத்துச் சொந்தத்தில் மணம் முடித்தவர்களுக்குப் பிள்ளைகள் கூடுதலாகப் பிறந்தார்கள் என்று ஒரு செய்தி கிடைத்தது. மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறேன். 'சொந்தமே சிறந்தது' என்று தலைப்பு. இதை அவளிடம் படித்துக் காட்டிவிட்டால்...

என்ன கேட்டீர்கள்? மற்ற இரண்டு பங்கா? குளிர்த் தீவினுடையதா? ஓ, முதல் செய்தியினுடையதா?

அதில் என்ன இருந்தது என்றால், தம்பி, நீக்கத்தக்கவை இருந்தன. நீக்கியதை நினைவில் வைத்துக்கொள்வது வழக்கமில்லை. ஆனால் மூலக்கட்டுரை இதில்தான் இருக்கிறது. நான் மூலத்தை ஒருபோதும் அழிப்பதில்லை. இருங்கள், கண்ணாடியை மாற்றிக்கொள்கிறேன். வண்டி வேறு ஆடுகிறது.

இதோ. 'இருப்பினும், இத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள்.' பார்த்தீர்களா, 'இருப்பினும்.' மையக்கருத்துக்கு எதிர்த்திசையில் போகும் வாக்கியம். நீக்கினேன்.

அடுத்தது. 'இவ்வகைக் குறைபாடுகளில் பலவற்றுக்குக் காரணமான மரபணு, தாய் தந்தை இருவரில் ஒருவரிடம் மட்டும் இருந்து வந்தால், குழந்தையிடம் குறைபாடு வெளிப்படுவதில்லை. தாயிடமிருந்து ஒரு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் ஒரே குழந்தையிடம் சேரும்போதுதான் வெளிப்படுகிறது. தம்மிடம் அது இருப்பது இருவருக்குமே தெரிந்திருப்பதில்லை.' இது விளக்கம். விளக்கம் நீக்கத்தக்கது.

அடுத்தது மேற்கோள். ஆய்வை நடத்திய அம்மையார் கூறியது. 'எங்களிடம் வரும் தாய்மார்கள், குழந்தையைக் கீழே இறக்குவதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நான் என்ன தப்பு செய்தேன், டாக்டர்? நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் அறிவியல் சொல்லும் விடை. அதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.'

மேற்கோள்களைச் சுருக்கத்தில் சேர்ப்பதில்லை.

கொஞ்சம் பொறுங்கள். அதை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்கிறேன். இல்லை, மனத்துக்குள்தான்.

செண்பகவல்லி அன்று மூன்று கேள்விகள் கேட்டாள், தம்பி. மூன்றும் உங்களிடம் சொன்னேன். இந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை சொல்லியிருப்பேன். விடை என்னிடம்தான் இருந்தது. சட்டைப்பையிலேயே இருந்தது.

இல்லை, தண்ணீர் வேண்டாம். நன்றி.

'என் ரத்தத்த யாரு பார்த்தா?' என்று கேட்டாளாம். அது கேள்விதான். நான்தான் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் வந்துவிட்டது, அதோ கோபுரம் தெரிகிறது. கோமதிநாயகத்தின் வீடு இங்கிருந்து நடக்கிற தூரம்தான். குளிர்த் தீவு கிடக்கட்டும். அங்கே என்ன ஆனால் எங்களுக்கு என்ன? இதையே அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். முழுவதையும். நீளம்தான், ஆனால் சுருக்கி வரைதல் என்பது எழுத்துக்கு உரிய விதி. ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பதற்கு அந்த விதி எங்கும் சொல்லப்படவில்லை.

ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. 'தந்தையிடமிருந்து ஒரு பங்கு' என்று கட்டுரையில் பொதுவாகத்தான் இருக்கிறது. எந்தத் தந்தை என்று அவர்கள் எழுதவில்லை. அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அந்த இடத்தில் ஒரு பெயரை நானாகச் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததற்காக எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

கொஞ்சம் வழிவிடுங்கள், தம்பி. இறங்க வேண்டும்.